நெய்ச்சோற்றைச் சுற்றிய நீரோட்டம்

போன வருடம் உம்மாவின் தங்கை, என் சாச்சியின் மகள் கல்யாணத்துக்குப் புறப்படும்போது உம்மா எனக்கு ஒரேயொரு கட்டளைதான் போட்டார்.

"அங்க வந்து கடலப் பத்திக் கதச்சிராத."

காரணம் இருந்தது. பொத்துவிலில் இருந்து எனக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருந்தார்கள். பையனின் தாய் அந்தக் கல்யாணத்துக்கு வருவது என்னைப் பார்க்கத்தான். எனக்கோ ஆஸ்திரேலியாவின் தெற்கு மூலையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்து, பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்த நேரம். "உம்மா ஓம் எண்டா எனக்கும் ஓம்தான்" என்று வாப்பா நழுவிவிட்டார். உம்மா ஓம் சொல்லவில்லை. அண்டார்டிக்காவைச் சுற்றி ஓடும் பெரிய நீரோட்டம் எப்போது, எப்படித் தொடங்கியது என்பதைக் கடலடிச் சேற்றில் தேடப்போகிறேன் என்று விளக்கினேன்.

"சேத்தப் பாக்கவா அவ்வளவு தூரம்? நம்மட வயல்ல இல்லாத சேறா?" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போகிற வழக்கமே இல்லை. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எனக்கென்று கட்டிய வீடு பூச்சு வேலையும் முடிந்து நின்றது. அதைப் பூட்டிவிட்டு நான் போவதை உம்மாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கல்யாண வீட்டில் பெண்களுக்குச் சஹன் வைத்தார்கள். பெரிய வட்டத் தட்டு, நடுவில் நெய்ச்சோறு, சுற்றிவர ஆறு பேர். சஹனுக்கு ஒரு மரியாதை உண்டு. அவரவர் தமக்கு முன்னால் இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது. எனக்கு எதிரே பையனின் தாய் இருந்தார், பக்கத்தில் உம்மா.

"மகள் என்ன படிக்கிறீங்க?" என்று அவர் கேட்டார்.

"கடல், மாமி."

உம்மாவின் முழங்கை என் விலாவில் பட்டது.

"கடல்ல என்ன?"

கேட்டால் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. தாளும் பேனையும் இல்லை, சோறுதான் இருந்தது. நடுவில் சோற்றைக் குவித்து அண்டார்டிக்கா ஆக்கினேன். அதைச் சுற்றி விரலால் வாய்க்கால் வெட்டினேன். அவர் முன்னால் கிடந்த பொரித்த கோழித் துண்டைச் சோற்றோடு ஒட்டி ஆஸ்திரேலியா என்றேன். உம்மாவின் துண்டு தென்னமெரிக்கா ஆனது. இறைச்சிக் குழம்பை, எங்கள் ஆணத்தை, வாய்க்காலில் ஊற்றினேன். துண்டுகளில் முட்டி நின்றது.

"மூணு கோடி வருஷத்துக்கும் முந்தி இப்பிடித்தான், மாமி. நிலமெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடந்த. மறுகா ஆஸ்திரேலியா விலகிப் போச்சு." துண்டை அவர் பக்கம் தள்ளினேன். ஆணம் அந்த வாசலால் ஓடி மறுபக்கம் நின்றது. "ஒரு வாசல் மட்டும் போதாது. இதுவும் விலகணும்." தென்னமெரிக்காவையும் தள்ளினேன். ஆணம் முழு வட்டமும் சுற்றி வந்தது. "அதுக்கு மேல, நம்மட கச்சான் காத்து மாதிரி மேற்குக் காத்தும் நேராப் புடிச்சித் தள்ளணும். அப்பதான் விடாமச் சுத்தும்."

நிமிர்ந்து பார்த்தேன். எல்லாருடைய கையும் நின்றிருந்தது. என் கை சம்பந்தி வீட்டுப் பங்குக்குள் மணிக்கட்டு வரை கிடந்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மறுகா என்ன நடந்த?"

"அந்த நிலத்துல முந்திக் காடு இருந்த, மாமி. தண்ணி சுத்தத் தொடங்கினதும் சூட்டுத் தண்ணி கிட்டப் போகேலாமப் போச்சு. ஐஸ் மூடினதுக்கு அதுவும் ஒரு காரணம்."

உம்மா அந்த இடத்தில் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? உட்டுட்டுப் போனதாலதானே ஐஸாப் போச்சு!"

நான் படித்த படிப்பை வைத்தே என்னை மடக்கிவிட்டார். போகிற ஆசை அன்றோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

பையனின் தாய் குலுங்கிச் சிரித்தார்.

"நான் மூணு ஆம்புளப் புள்ளயளக் கட்டிக் குடுத்து, பொண் ஊட்டுக்கு அனுப்பினவள். என்னப் பாருங்க, ஐஸாவா இரிக்கன்?" பிறகு என்னைக் காட்டிச் சொன்னார்: "பொண்ணுட ஊடு எங்க இரிக்கோ அங்கதானே மாப்புள போகணும். இவட ஊடு அந்த நாட்டுல எண்டா, என்ட கடைசி மகன் அங்க போகட்டும்."

சொல்லிவிட்டு ஆஸ்திரேலியாவை எடுத்துக் கடித்தார். சுற்றியிருந்தவர்கள் சிரித்ததில் அடுத்த சஹன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

உம்மா மட்டும் சிரிக்கவில்லை. தன் கோழித் துண்டை எடுத்து, மரியாதையெல்லாம் மறந்து, என் பக்கம் கொண்டுவந்து வைத்தார்.

"தின்னு. அங்க போன பொறகு ஆரு உனக்கு ஆக்கித் தாற?" என்றார்.