கன்று இல்லாத பசுவின் பால்

1. என் கணவர் கத்தாரிலிருந்து விடுமுறைக்கு வந்தார்.

2. அதற்குள் எங்கள் தெருவில் சில வீடுகள் பாக்கெட் பாலை நிறுத்திவிட்டன. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் மாட்டுப் பண்ணையில் கறந்த பாலை வாங்கி, காய்ச்சாமல் குடிக்கத் தொடங்கியிருந்தன. எங்கள் வீடும் அதில் ஒன்று.

3. அவருக்குக் காய்ச்சல் வந்தது. போனது. திரும்ப வந்தது.

4. விமான டிக்கெட்டை ஒரு முறை தள்ளிப்போட்டோம்.

5. இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது.

6. இரண்டாவது முறை தள்ளிப்போட நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை.

நடந்தது இவ்வளவுதான். வரிசைப்படுத்தி எழுதினால் எனக்குப் புரியும் என்று நினைத்தேன். வரிசை சரியாக இருக்கிறது.

நான் நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வீடு சுசீந்திரத்துக்குப் பக்கம். அந்த விடுமுறையில் எங்களுக்கு ஒரு திட்டம் இருந்தது. அவர் திரும்பிப் போனதும் பதவி உயர்வு. அது வந்தால் குடும்ப விசா. அது கிடைத்தால் நானும் போவது. அங்கே வேலை தேட என் சான்றிதழ்களுக்கு அட்டெஸ்டேஷன் முத்திரையும் வாங்கி முடிந்திருந்தது. கல்யாணமானதிலிருந்து நாங்கள் ஒரே வீட்டில் இருந்த நாட்கள் மிகக் குறைவு.

பால் விஷயம் ஒரு வீடியோவில் தொடங்கியது. பாக்கெட் பாலில் என்னென்ன கலக்கிறார்கள் என்று யாரோ பேசும் வீடியோ, தெருவின் வாட்ஸப் குழுவில் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்கள் சேர்ந்து பண்ணையைப் பார்க்கப் போனார்கள். தொழுவம் கழுவிச் சுத்தமாக இருந்ததாம். மாடுகள் கொழுகொழுவென்று இருந்தனவாம். "கொள்ளாம், நல்லாருக்கு" என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மறுநாளிலிருந்து தூக்குவாளியில் பால் வந்தது.

என் பங்கை நான் காய்ச்சிக் குடித்தேன். என் கணவரின் அம்மாவுக்கு, மாமிக்கு, அது பிடிக்கவில்லை.

"காச்சுனா அதுல என்னட்டி இருக்கும்? வெறும் வெள்ளத் தண்ணி. நாகருக்கு ஊத்துகதும் பச்சப்பாலுதானே. சாமிக்குக் காச்சியா ஊத்துகாவ?"

"சாமிக்குக் காய்ச்சல் வராது மாமி."

அவர் சிரித்துவிட்டார். என் கணவரும் சிரித்தார். "அவளுக்கு எல்லாத்தையும் கண்ணாடிக் குழாயில விட்டுப் பாக்கணும் அம்மா. என்னையே ஒருநாள் விட்டுப் பாப்பா."

"ஒன்னய எந்தக் குழாயில மக்கா விட? எலும்பும் தோலுமாட்டு வந்துருக்க. அங்க பவுடர் பாலக் குடிச்சிக் குடிச்சி."

காய்ச்சாத பாலில் என்ன இருக்கலாம் என்று நான் அவர்களிடம் சொன்னேன். ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் சொன்னேன். என் கணவர் கடைசிவரை கேட்டார். பிறகு மாமி நீட்டிய டம்ளரை வாங்கிக் குடித்தார். பால் அப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. மீசையைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, நீயும் ஒரு மடக்கு குடி" என்றார். நான் வேண்டாம் என்றேன். விடுமுறை முழுவதும் இப்படியே போனது.

காய்ச்சல் சாயங்காலம் வரும். காலையில் சட்டை நனைந்திருக்கும், காய்ச்சல் இருக்காது. இடுப்பு வலி என்றார். டெங்கு, மலேரியா, டைபாய்டு எல்லாம் பார்த்தோம். சிலவற்றை நானே செய்தேன். எதுவும் இல்லை. டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்து, "பச்சைப் பால் குடிப்பியளா?" என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார்.

புருசெல்லா என்று முடிவு வந்தது. மாட்டிலிருந்து மனிதருக்கு வரும் கிருமி. நாள்கணக்கில் அல்ல, வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். தாளை நான்தான் பிரிண்ட் எடுத்தேன். எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த மாதிரிகளை முடித்துவிட்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. எதுவும் தோன்றவில்லை.

வீட்டில் சொன்னேன். மாமி நம்பவில்லை.

"அந்தப் பாலுலயா? வேற மாட்டுப் பாலுன்னாலும் சொல்லலாம். அது நான் அவனுக்குன்னு தனியாச் சொல்லி வாங்குனதாக்கும்."

"எந்த மாடு?"

"செவலைப் பசு. அதுக்குக் கண்ணுக்குட்டி கிடையாது. மாசம் தெகையதுக்கு முன்னயே செத்த கண்ணப் போட்டுட்டு. மத்த மாட்டுல நாம கறக்கது கண்ணு குடிக்க வேண்டிய பாலுல்லா? இதுல அந்தப் பாவம் கிடையாது பாத்துக்கோ. ஒரு வாயில்லா சீவனுக்குப் பங்கப் பிடுங்காத பாலு. மத்தவங்களும் அதத்தான் கேட்டாங்க. நான்தான் என் பிள்ளைக்குன்னு சொல்லி வச்சேன்."

மாதம் நிறையாமல் பசு கன்றைப் போட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கிருமியைத்தான். அப்படிப் போட்ட பசுவின் பாலில் கிருமி நிறைய இருக்கலாம். கன்று வீச்சு என்றே இந்த நோய்க்குப் பெயர். இதை நான் ஒரே வாக்கியத்தில் மாமியிடம் சொன்னேன். என் குரல் ஆய்வகத்தில் முடிவு சொல்லும்போது இருப்பதுபோல்தான் இருந்தது. மாமி அடுப்படிக்குப் போய், கழுவி வைத்திருந்த டம்ளரை மறுபடி கழுவினார்.

உள்ளறையில் படுத்திருந்தவர் சொன்னார்: "விடுட்டி. அம்மைக்கு என்ன தெரியும்."

மறுநாள் பண்ணைக்குப் போனேன். கால்நடை டாக்டரை வரச் சொல்லிப் பார்த்ததில் செவலைக்கும் அதே முடிவு. பண்ணைக்காரர், "சந்தைக்குக் கொண்டு போயிரவா?" என்று என்னிடம் கேட்டார்.

"நோய மறைச்சு விக்காதீங்க அண்ணாச்சி."

அவர் மனைவிக்குக் கோபம். "நாங்க காச்சித்தான் குடிப்போம் பிள்ளே. பச்ச வாடை எங்களுக்கு ஆகாது. நீங்கதான் காருல வந்து எறங்கி, பச்சையா வேணும், செவலைப் பாலு வேணும்னு நின்னியோ. இப்ப மாட்டக் குத்தம் சொல்லுதியோ."

அவர் சொன்னது சரி. நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நிறுவனத்திலிருந்து பதில் வந்த அன்று என் கணவர் அதை இரண்டு முறை படித்தார். அவர் இடத்துக்கு வேறொருவரைப் போட்டுவிட்டார்களாம். போனை என்னிடம் நீட்டினார். நான் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "சாப்பிடலாமா?" என்று கேட்டார். சாப்பிட்டோம். புளிக்கறியும் துவரனும் இருந்தன.

இப்போது நிலைமை இது. காய்ச்சல் நின்றுவிட்டது. இடுப்பு வலி நிற்கவில்லை. செவலை தனியாகக் கட்டப்பட்டிருக்கிறது. தெருவில் இரண்டு வீடுகள் பாக்கெட் பாலுக்குத் திரும்பிவிட்டன. ஒரு வீடு காய்ச்சிக் குடிக்கிறது. மற்றவர்கள் அதே பண்ணையில் வேறு மாட்டின் பாலை இன்னும் பச்சையாகவே குடிக்கிறார்கள். என் கணவருடைய மாத்திரையைப் பாலோடு சாப்பிடக் கூடாது என்பதால் மாமி தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறார். அவர் விழுங்கும்வரை பக்கத்தில் நிற்கிறார். வேறு வேலைக்கு என் கணவர் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. மாத்திரை முடியட்டும் என்கிறார். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.