ஆளோடு திரும்பி வந்த புத்தகங்கள்

மல்லாவிச் சந்தையில் திரேசம்மாவுக்குப் பக்கத்தில் மரக்கறி விற்கும் பவளம், சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சந்தைக்குப் போகாமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். படலையைத் திறக்காமல் வெளியே நின்றபடியே சொன்னார்: "ஐயா, திரேசக்கா மோசம் போயிட்டா. மூண்டு நாள் காய்ச்சல். ஆசுப்பத்திரியில இண்டைக்கு விடிய முடிஞ்சுது. வாசிகசாலை ஆக்களுக்கு நீங்கள்தான் சொல்லோணும். எனக்கு அவையளின்ர பேர் தெரியாது."

எனக்குப் பெயர்கள் தெரியும். அவற்றைப் பதிவேட்டில் எழுதியவன் நான். அன்று முற்பகல் ஒன்பது வீடுகளுக்குப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் செய்தியைக் கேட்டவர்கள், சொல்லிவைத்தாற்போல, திரேசம்மா தமக்கு முதன்முதலில் தந்த புத்தகம் எது என்று என்னிடம் சொன்னார்கள். இப்படி ஓர் அஞ்சலி எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை உருட்டினேன்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு என்னைவிட அவரை நன்றாகத் தெரியும். நான் கண்டவற்றை மட்டும் வரிசையாகச் சொல்ல முயல்கிறேன், தவறியிருந்தால் திருத்துங்கள்.

திரேசம்மா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். கணவர் அந்தோனி கடற்றொழிலாளி. இடம்பெயர்ந்து, கடலே இல்லாத மல்லாவிக்கு வந்தபின், திரேசம்மா சந்தையில் கருவாடு விற்றார். ஏறத்தாழ அதே காலத்தில்தான் நானும் கண்டாவளையிலிருந்து இங்கே வந்தேன். காணிக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவன், கையெழுத்து தெளிவானது என்பதற்காக, சனசமூக நிலையத்தார் வாசிகசாலைப் பூட்டின் திறப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஓர் அறை, ஓர் அலுமாரி, நூற்று எண்பத்தொரு புத்தகங்கள். நான் எல்லாவற்றுக்கும் இலக்கமிட்டு, உறை போட்டு, அலுமாரியைப் பூட்டி வைத்தேன். அவை தொலையாமல் இருப்பதே வாசிகசாலையின் நோக்கம் என்று உண்மையாகவே நம்பினேன்.

ஒரு பிற்பகல் திரேசம்மா வாசலில் வந்து நின்றார். வாங்கில் அமர்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தாமல், "கருவாட்டுக்காரிக்கு வாசிகசாலையில என்ன அலுவல்?" என்றார்.

"உங்களுக்குக் கருவாட்டுக் கடையில என்ன அலுவலோ, அதேதான். வயித்துக்கு ருசியா ஏதும் வேணும்."

வாங்கில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் என்னிடம் திரும்பி, "ஐயா, ஒரு கதைப் புத்தகம் தாங்கோ" என்றார். எந்த வகையான கதை என்று கேட்டேன். "நாளைக்குக் கருவாடு நிறுக்கேக்க நினைவு வந்து, ஆளுக்குக் கூட நிறுத்துப்போடுற மாதிரி ஒண்டு." அப்படி ஒரு பிரிவு என் பட்டியலில் இருக்கவில்லை. அலுமாரியைத் திறந்துவிட்டேன். அவரே எடுத்தார்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், இரண்டு ஆண்டுகளில் அந்த அலுமாரியிலிருந்த கதைகளில் பெரும்பாலானவற்றை வாசித்து முடித்தார். அது பெரிய விடயமல்ல. வாசித்ததை அவர் மற்றவர்களுக்குக் கொடுத்த விதம்தான் பெரியது. "நல்ல புத்தகம் எண்டு சொல்லாதேங்கோ ஐயா. ஆருக்கு நல்லது எண்டு சொல்லுங்கோ" என்பார். கருவாடு வாங்க வருபவரின் முகத்தைப் பார்ப்பார். மகளோடு கோபித்துக்கொண்டு வந்த ஒரு தாய்க்கு, பிடிவாதக்காரத் தகப்பன் ஒருவனின் கதையைச் சொன்னார். அந்தத் தாய் மறுநாளே என்னிடம் வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டார். எங்கே அலுப்படிக்கும் என்பதையும் ஒளிக்கமாட்டார். "முதல் நாப்பது பக்கமும் ஒரே மழை. குடையைப் பிடிச்சுக்கொண்டு நடவுங்கோ, பிறகு வெளிக்கும்." ஆனால் ஒரு கதையின் முடிவை மட்டும் எவருக்கும் சொல்லமாட்டார். அதில் அவர் கண்டிப்பானவர்.

வாசிகசாலையின் பெயர்பெற்ற சட்டம் பிறந்ததும் அவரால்தான். திருப்பித் தரப்பட்ட புத்தகங்கள் மாதக்கணக்காக அலுமாரியில் கிடக்கின்றனவே என்று ஒருநாள் வருத்தப்பட்டேன். அவர் உடனே சொன்னார்: "அப்ப அலுமாரியிட்டைத் திருப்பிக் குடுக்க விடாதேங்கோ. புத்தகத்தைக் கொண்டு வாறவர், அதை அடுத்தாப்போல வாசிக்கப்போற ஆளையும் கூட்டிக்கொண்டு வரோணும்."

"ஆள் கிடைக்காவிட்டால்?"

"கிடைக்கும்வரைக்கும் வைச்சிருக்கட்டும். ஆள் தேடவேண்டி வந்தால்தான் மனிசர் நாலு பேரோட கதைப்பினம்."

எந்த நூலகத்தில் இப்படி உண்டு? ஆயினும் அவரை மறுத்துப் பேச எனக்குத் துணிவில்லை. ஒப்புக்கொண்டேன். ஆறு மாதத்தில் வாசிகசாலைக்கு ஆட்கள் இருவர் இருவராக வரத் தொடங்கினார்கள். ஒருவர் கொடுப்பார், மற்றவர் வாங்குவார், நான் எழுதுவேன். நாளடைவில் வழியிலும் வயலிலும் வைத்தே கைமாற்றிக்கொண்டார்கள். என் பதிவேடு பின்தங்கிவிட்டது. அலுமாரியில் தட்டுகள் மட்டும் மிஞ்சின.

அப்போதுதான் நிலையத்தின் தலைவர் நாகேந்திரம் வந்தார். அவர் வயல் செய்யும் கமக்காரர், நேர்மையானவர், உரத்த குரல் உடையவர். நிவாரணக் கோதுமை மா மூட்டைகளை அடுக்க ஓர் அறை தேவைப்பட்டது. அலுமாரியைத் திறந்து பார்த்தார்.

"புத்தகங்கள் எங்கை?"

"ஆக்களிட்டை இருக்கு, தலைவர்."

"எந்த ஆக்களிட்டை?"

என்னால் பாதிப் பெயர்களைக்கூடச் சொல்ல முடியவில்லை. அவர் குரலை உயர்த்தவில்லை. அது எனக்கு இன்னும் கூடுதலாகச் சுட்டது. "ஐயா, உங்களை நம்பித் தந்தது. வாற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் புத்தகங்கள் இஞ்ச இருக்கோணும். இல்லாட்டி திறப்பைத் தாங்கோ. வெறும் அலுமாரிக்கு ஏன் ஒரு அறை?"

முப்பத்து நான்கு ஆண்டு உத்தியோகத்தில் ஒரு கோப்பைக்கூடத் தொலைக்காதவன் நான். நேரே சந்தைக்குப் போய்த் திரேசம்மாவிடம் சொன்னேன். கோபமாகச் சொல்லவே நினைத்தேன், அழுகைபோலத்தான் வந்தது.

"ஏன் ஐயா நடுங்குறீங்கள்? களவெடுத்தவையிட்டையே குடுத்தனாங்கள்? விருப்பப்பட்டு வாங்கினவையிட்டைத்தானே குடுத்தனாங்கள்" என்றார். அந்த வாரம் முழுவதும், கருவாட்டைச் சுற்றிக் கொடுக்கும்போதெல்லாம், ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்பினார்.

ஞாயிறன்று பூசை முடிந்து நேரே வந்து வாசலில் நின்றார். பத்து மணிக்கு நான்கு பேர் வந்திருந்தார்கள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். பத்தரைக்குப் பிறகு சைக்கிள்கள் வரத் தொடங்கின. ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் துணுக்காய்ப் பக்கத்து ஆட்கள் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். ஒரு புத்தகம் என் உறை கிழிந்து, மா மூட்டைச் சீலையில் புது உறை தைக்கப்பட்டு வந்தது. மதியத்துக்குள் நூற்று அறுபத்து நான்கு புத்தகங்கள் மேசைக்கு வந்தன. நான் இரண்டு தரம் எண்ணினேன்.

அதற்குப் பிறகு சைக்கிள் திருத்தும் செல்வராசா வெறுங்கையோடு வந்தார்.

"ஐயா, என்னட்டை இருந்தது துலைஞ்சு போச்சு. குளம் நிரம்பி வான் பாயேக்க கரியரில இருந்து வெள்ளத்துக்குள்ள விழுந்திட்டுது."

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"புத்தகம்தான் போச்சு. கதை என்னட்டை இருக்கு. சொல்லட்டோ?" என்றார் செல்வராசா.

வேண்டாம் என்று நான் கையைக் காட்டுவதற்குள், "சொல்லுங்கோ தம்பி" என்றார் திரேசம்மா.

ஒரே வளவில், நடுவே வேலி போட்டுக்கொண்டு, இருபது ஆண்டுகள் பேசாமல் வாழும் இரண்டு சகோதரிகளின் கதை அது. கிணறு ஒன்றுதான், ஒருத்தி தண்ணீர் அள்ளும் நேரம் மற்றவள் வரமாட்டாள். செல்வராசா துலாக்கயிற்றை இழுத்தார், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார், மூத்தவளைப்போல முகத்தை வெட்டித் திருப்பினார். மூத்தவளின் மகளுக்குக் கல்யாண நாள் வந்தபோது தலைவர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "பிறகு?" என்றார். இளையவள் விடியற்காலையில் வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்கு அருகே வந்து நின்ற இடத்தில் செல்வராசா நிறுத்தினார்.

"பிறகு?"

"அதைச் சொல்லேலாது, தலைவர்."

"ஏன்?"

"முடிவு சொல்லக்கூடாது. திரேசக்காவின்ர சட்டம்."

"எட, புத்தகமே வெள்ளத்தோட போச்சு! இனி நான் எங்கை போய் வாசிக்கிறது?"

"அது என்ர பிழைதான்" என்றார் செல்வராசா பணிவாக. அறை அதிரச் சிரிப்பு எழுந்தது. தலைவர் திரேசம்மாவைப் பார்த்து, "நீங்களெண்டாலும் சொல்லுங்கோவன்" என்றார்.

"நான் சொல்லிப்போட்டால் உங்களுக்கு அந்தப் புத்தகம் தேவைப்படாது, தலைவர்."

திறப்பைப் பற்றி அதன்பின் எவரும் பேசவில்லை. மா மூட்டைகள் வேறொரு கொட்டிலுக்குப் போயின. சில வாரங்களில் தலைவர், வவுனியாவுக்குப் போய்வந்த ஒருவரைக் கொண்டு அதே புத்தகத்தை வாங்குவித்துக் கொண்டுவந்தார். முதல் வாசகர் தாமே என்று என்னைக்கொண்டு எழுதுவித்தார். மூன்றாம் நாள் அதைத் திருப்பித் தர மனைவியோடு வந்தார். "இவவுக்கு முடிவு சொல்லமாட்டன் எண்டதுக்கு ரெண்டு நாளா வீட்டில எனக்குப் பச்சைத் தண்ணியும் இல்லை" என்றார். திரேசம்மா அன்று சிரித்த சிரிப்பை அங்கிருந்தவர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எத்தனையோ பெரிய கந்தோர்களில் வேலை பார்த்திருக்கிறேன். அந்த வெறும் அலுமாரிக்குக் காவலாக இருந்ததைப்போல வேறெதிலும் எனக்குப் பெருமை இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். இத்தனை ஆண்டுகளிலும் நான் ஒரு புத்தகத்துக்கும் ஆள் தேடவில்லை. எழுதுவதோடு நின்றேன். திரேசம்மா அதைக் கவனித்திருந்தார். "எல்லாற்ற பேரையும் எழுதுறீங்கள். நீங்கள் ஒருத்தருக்கும் இன்னும் ஒண்டும் குடுக்கேல்லையே, ஐயா?" என்று ஒருமுறை கேட்டார். என் தெரிவு பிழைத்துப்போனால் என்ன செய்வது என்றேன். "பிழைச்சால் என்ன, அடுத்த புத்தகம் இருக்குத்தானே?" என்றார்.

எட்டாம் நாள் செபத்தின்போது அந்தோனி என்னை அழைத்து, திரேசம்மாவின் தலைமாட்டில் இருந்த புத்தகத்தைத் தந்தார். பாதிக்குச் சற்று அப்பால் ஓர் ஓலைத்துண்டு அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. "எனக்கு உதெல்லாம் பிடிபடாது ஐயா. நீங்களே வைச்சிருங்கோ" என்றார். அவர் நினைவாக அதை வைத்துக்கொள்ளவே எனக்கும் ஆசை. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாளில் வாசித்து முடித்தேன். கடலை விட்டு உள்நாட்டுக்கு வந்து, தச்சு வேலை செய்து பிழைக்கும் ஒரு மனிதனின் கதை. கதவு செய்யச் சொன்னாலும் அவன் கை வள்ளத்துப் பலகைபோலத்தான் மரத்தை வளைக்கப் பார்க்கும். வாசித்து முடித்தபோது இது யாருக்கு உரியது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அதன்பின் அதை வைத்திருக்க முடியவில்லை.

மறுநாள் மாலை அந்தோனியிடம் போனேன். போகும் வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாமா என்று நின்றேன். அவர் முற்றத்தில் கருவாட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். புத்தகத்தை நீட்டினேன்.

"இது உங்களுக்குப் பிடிக்கும். தொடக்கத்தில கொஞ்சம் மெதுவாத்தான் போகும், பொறுங்கோ."

அவர் புத்தகத்தை வாங்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆர் சொன்னது? அவா சொன்னவாவோ?"

"இல்லை. நான் சொல்லுறன்."

அவர் பாயைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

திரேசம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் புத்தகமல்ல. அது இப்போது அந்தோனியிடம் இருக்கிறது. அன்று அந்த முற்றத்தில் நடுங்காமல் என்னால் சொல்ல முடிந்ததே, அந்த இரண்டு சொற்கள், அவற்றைத்தான் நான் வைத்திருக்கிறேன்.