மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிய கதை

வங்கி வேலையில் பதவி உயர்வு வருமா என்பது சந்தேகம். டிரான்ஸ்பர் மட்டும் நிச்சயம். வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஆர்டர் வாங்கியவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும்.

ஆர்டர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினோரு மாத அக்ரிமெண்டில் வீடு எடுத்து நான்காவது மாதம், சிதம்பரம் கிளைக்குப் போகச் சொல்லி ஆர்டர் வந்தது. வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. மனைவி சுமதிக்கு ஏழாவது மாதம். மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சிதம்பரம் என்ன சிங்கப்பூரா? பஸ்ல போய்ட்டு வந்துடலாம்."

பஸ்ஸில் போய் வந்தது

போய்ப் பார்த்தேன். மூன்றாவது வாரம், கிள்ளை கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மாவின் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மேஜையை மெல்லத் தட்டினார்: "சார், நான் மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வரேன், நீங்க செத்த தூங்குங்க."

ஓனர்

அன்று சாயங்காலமே ஓனர் சம்பந்தத்தைப் போய்ப் பார்த்தேன். கீழ் வீட்டிலேயே இருப்பவர், பொதுப்பணித் துறையில் ரிட்டையர் ஆனவர். அக்ரிமெண்டை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படித்தார். கெடுவுக்கு முன்னால் காலி செய்வதென்றால் வேறு ஆளை நான்தான் கொண்டுவர வேண்டுமாம். என் நிலைமையைச் சொன்னேன். காகிதத்தை மடித்தார்: "நீங்க போறதுல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி, வீடு பூட்டிக் கெடக்கக் கூடாது."

வீடு பார்க்க வந்தவர்கள்

ஒரு தம்பதி வந்தார்கள். ஹாலும் காற்றும் பிடித்துப்போயின. அந்த நேரம் பார்த்து சுமதி, மத்தியானத்தில் தண்ணீர் மேலே ஏறாது, கீழே போய்த்தான் பிடித்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்வதாகக் கிளம்பியவர்கள் திரும்பவில்லை. அவர்கள் போனதும் அவளிடம் கத்தினேன். அவள் நிதானமாகக் கேட்டாள்: "நாம ஏமாந்தது பத்தாதா, அவுங்களும் ஏமாறணுமா?"

ஓனர் மாடி ஏறினார்

அந்தத் தம்பதி சம்பந்தத்திடம் தண்ணீர் விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் எனக்கு லீவு; மத்தியானம் சண்டை போடவே படியேறி வந்தார். நாங்கள் குடிவந்த பிறகு அவர் மேலே வந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்றவருக்குப் பேச்சு வரவில்லை, மூச்சுதான் வந்தது. நாற்காலி போட்டேன். அதற்குள் சுமதி, ஒரு கை சுவரில், ஒரு கையில் குடத்தோடு படியேறி வந்தாள். குடத்தை வைத்ததும், அதிலிருந்தே ஒரு டம்ளர் மொண்டு அவருக்குக் கொடுத்தாள்.

குடித்துவிட்டு டம்ளரைக் குடத்தின் பக்கத்தில் வைத்தார். எழுந்தபோது என் பக்கம் திரும்பவேயில்லை, அவளிடம்தான் சொன்னார்: "ஞாயித்துக்கிழம காலி பண்ணிக்கம்மா. ஆள நான் பாத்துக்கறேன், மொதல்ல மோட்டாரப் பாக்கறேன்."

சிதம்பரத்தில்

தரைத்தளத்தில் வீடு கிடைத்தது. டிரான்ஸ்பர் வந்தால் ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும் என்று அக்ரிமெண்டில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். வீட்டுக்கார அம்மா பேனாவை என்னிடமே நீட்டினார்: "எழுதிக்குங்க சார், எங்க வீட்டுக்காரரோட நானும் ஏழு ஊரு பாத்தவதான்."

இப்போது ஆபீசுக்கு நடந்தே போய்வருகிறேன், மகள் பிறந்து நாற்பது நாளாகிறது; அவள் குப்புற விழுவதற்குள் அடுத்த ஆர்டர் வராமலிருந்தால், வங்கிக்கு என் மேல் கொஞ்சம் பிரியம் இருக்கிறது என்று நம்பிவிடுவேன்.