நம்பருக்கு முன்னால் ஓர் எழுத்து

வேலூரில் ஒரு துப்பாக்கி ரிப்பேர் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். எழுபதுகளின் கடைசியில் அங்கே விலைக்கு வந்த பழைய சீமை ஏர்கன் ஒன்றை வாங்கி, மலைமேல் புதூர்நாட்டில் இருந்த என் அண்ணனுக்குக் கொடுத்தேன். சாமைக் கதிரில் இறங்கும் குருவிகளை விரட்டத்தான். லைசென்ஸ் வேண்டாம், பயப்படாதே என்று நானேதான் சொன்னேன்.

அடுத்த வருஷம் அடிவாரத்து பங்களா ஒன்றில் ஏர்கன் திருடுபோனது. போலீஸ் மலையேறி வந்து அண்ணனுடையதை வாங்கிப் பார்த்தது. அதில் அடித்திருந்த நம்பரின் நான்கு இலக்கமும் புகாரில் இருந்தபடியே இருந்தன. அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

தகவல் கிடைத்து நான் ஸ்டேஷனுக்குப் போவதற்குள் இரண்டு நாள் ஆகிவிட்டது. ரைட்டரிடம் கெஞ்சினேன்.

“ஐயா, நம்பர் மட்டும் பாத்தா போதாதுங்க. கம்பெனிக்காரன் ஒவ்வொரு மாடலுக்கும் மறுபடி ஒண்ணுலேர்ந்து நம்பர் போடுவான். எந்த மாடல்னு தெரியறதுக்காக நம்பருக்கு முன்னாடி ஒரு எழுத்து அடிச்சிருப்பான். எழுத்து வேறன்னா துப்பாக்கியே வேறங்க.”

“இதுல இன்னா எழுத்து கீது?”

“துரு ஏறிக் கெடக்குதுங்க. மண்ணெண்ண போட்டுத் தேச்சா தெரியும்.”

“புகார்லயே எழுத்து இல்ல. நம்பர் சரியா கீது. நீ போ.”

துப்பாக்கியைத் தொடக்கூட விடவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் அண்ணன் குந்தியிருந்தார். முகம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தார்.

பங்களாக்காரர் பழைய துப்பாக்கிகளைச் சேர்த்து வைப்பவர். வெளியூர் போயிருந்தவர் நாலாம் நாள்தான் ஸ்டேஷனுக்கு வந்தார். மண்ணெண்ணெய் கேட்டு வாங்கித் துப்பாக்கியைத் துணியால் தேய்த்தார். “இது என்னுது இல்ல. என்னுதுல எழுத்து வேற,” என்றார்.

“அதப் புகார்ல எழுதியிருக்கலாமே சார்?” என்று கேட்டேன்.

“அப்ப தோணலப்பா,” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அண்ணனை விட்டுவிட்டார்கள். இடது காது அதன்பிறகு கேட்கவேயில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரே ஒருமுறை வாய் திறந்தார்.

“நீ குடுத்ததுதானடா அது.”

அந்த வருஷம் அவர் நிலத்துப் பக்கமே போகவில்லை. அண்ணி தனியாளாகத் தகரத்தைத் தட்டிக்கொண்டு நின்றார். பாதிச் சாமை குருவிக்கே போனது. காக்கி உடுப்பில் யார் வந்தாலும், காட்டிலாகா ஆளாக இருந்தாலும், அண்ணன் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

மறு பங்குனியில் நான் போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. கூலி வேலைக்குக் குடும்பத்தோடு மலையிறங்கிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எந்த ஊருக்கு என்று அவர்களிடம்கூடச் சொல்லவில்லை. பல ஊர்களில் தேடினேன். இன்றுவரை கண்ணில் படவில்லை.