மன்னார்புரத்தில் அக்கா விழுந்த பிறகு

ஸ்ரீரங்கத்தில் இருந்த என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, நான் திருச்சியில் ஒரு ஸ்கூலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்திக்கொண்டிருந்தேன். செல் எப்படித் தன் டிஎன்ஏவை நகல் எடுக்கிறது என்பது வருஷா வருஷம் நான் நடத்தும் பாடம். வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, அக்கா புருஷனான மாமா ஓட்டிய ஸ்கூட்டர் மன்னார்புரம் முனையில் மணலில் சறுக்கியது. பின்னால் இருந்த அக்கா நெஞ்சு தரையில் மோத விழுந்தாள். அடிபட்ட பக்கத்தில்தான் கட்டி இருந்தது. நோய் தெரிந்ததிலிருந்து அவள் மாமாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மருந்து தந்த எரிச்சல் என்று நினைத்தேன். மாமாவும் சாப்பாட்டைக் கட்டிலருகே வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி வெளியே போய்விடுவார்.

முடியெல்லாம் கொட்டிய பிறகு நான் பார்க்கப் போயிருந்த ஒரு மத்தியானம், தலையைத் தடவிக்கொண்டே அக்கா கேட்டாள்.

"கட்டி இருக்கறது மார்ல. மருந்து ஏன்டி முடியப் புடுங்குது?"

"செல்லு ரெண்டாப் பிரியறதுக்கு முன்னாடி டிஎன்ஏவ ஒரு காப்பி எடுக்கணும்க்கா. இந்த மருந்து அதத் தடுக்குது. முடி வேர்லயும் செல்லு வேகமாப் பிரியுது, அதான் அதுவும் சேந்து அடிவாங்குது."

"நல்லா இருந்த செல்லு ஏன் இப்படி ஆச்சு?"

வகுப்பில் சொல்வதையே சொன்னேன். ஒருமுறை பிரிவதற்கு ஒரு நகல்தான். அதில் சேதம் இருந்தால் செல் நின்று சரிசெய்துகொள்ளும். முடியாவிட்டால் தானே செத்துவிடும். அப்படி நிறுத்துகிற மரபணுக்களே பழுதாகிவிட்டால், பிழையோடு பிரிந்துகொண்டே போகும். அந்தப் பழுதுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வருஷக்கணக்காகும்.

"வருஷக்கணக்காவா? அப்ப அன்னைக்கு நான் விழுந்தது?"

"அடிபட்டா கேன்சர் வராதுக்கா. கட்டி அதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. வலிக்குதேன்னு நீ தடவிப் பாத்ததாலதான் கையில தட்டுப்பட்டுச்சு."

அக்கா தலையைத் தடவுவதை நிறுத்தினாள். பிறகு, "அவராலதான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டி. அவரும் அப்படித்தான் நெனைக்கிறாரு" என்றாள்.

சாயங்காலம் மாமா வந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். "இங்க வந்து உக்காருங்க" என்று அக்கா கூப்பிடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் மாமா அழும் சத்தம். அதுவரை அவர் அழுது நான் கேட்டதில்லை.

பிறகு இருவரும் சேர்ந்துதான் சாப்பிட்டார்கள். அக்காவுக்கு முடிந்த நாட்களில் ஆட்டோ பிடித்துக் கொள்ளிடக் கரைக்குப் போய்வந்தார்கள். ஆனால் அதற்குள் நோய் ஈரலுக்குப் பரவியிருந்தது. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அக்கா போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்று, கூட்டம் கலைந்ததும் மாமா என்னிடம் கேட்டார்.

"விழுந்ததால வரலன்னு மொதல்லயே யாராவது சொல்லியிருந்தா, அந்த மாசமெல்லாம் அவ எங்கிட்டப் பேசியிருப்பா, இல்ல?"

"பேசியிருப்பா மாமா."

அவர் தலையாட்டினார். உறவுக்காரர்கள் குடித்து வைத்திருந்த காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.