அறுபத்துமூன்றாம் பக்கம்

துணி மடிக்கும் அறைதான் அவளுடைய அலுவலகம். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், காதுக்கு ஹெட்போன், கதவுக்குப் பின்னால் இஸ்திரிப் பலகை. வாஷிங் மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றுக்கு வரும் புகார் அழைப்புகளை எட்டு வருஷமாக அங்கிருந்துதான் எடுக்கிறாள். முதுகு வலி கணவரை லாரியிலிருந்து இறக்கி வீட்டில் உட்காரவைத்த பிறகு, குடும்பம் ஓடுவது அந்த அறையால்தான். நாற்பத்தெட்டு வயதில் இன்னொருத்தர் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போவதில்லை.

எவ்வளவு கொதித்துப்போய் அழைப்பவரும் அவளிடம் பத்து நிமிஷத்தில் அடங்கிவிடுவார். நேரில் ஒருதடவைகூடச் சந்திக்காத சக ஊழியர்கள் அவளுக்கு ‘ஐஸ் அக்கா’ என்று பேர் வைத்திருந்தார்கள்.

வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்குப் பக்கத்து நாற்காலி என்று ஒன்று கிடையாது. எட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆளில்லை. அதற்காகக் கம்பெனி ஒரு ஏற்பாடு செய்தது. வாரம் ஒருவர் தன் வேலையை ஐந்து நிமிஷம் வீடியோ எடுத்துப் போட வேண்டும், மற்றவர்கள் பார்த்துவிட்டு வீடியோவிலேயே கேள்வி கேட்க வேண்டும். முதல் வாரம் ‘இருமல்’ என்று எல்லோரும் கூப்பிடும் மனுஷர், தொண்டையைப் பாதுகாப்பது எப்படி என்று விளக்கினார். நடுவில் நான்கு தடவை இருமினார்.

மறுநாள் குழுத்தலைவி அழைத்தாள். இவளைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

“அக்கா, அடுத்து நீங்கதான். புதுசா சேர்ந்தவங்கள்ல ரெண்டு பேர் திட்டு தாங்காம அழுதுட்டே போயிட்டாங்க. நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு காட்டுங்க.”

“அதுல காட்ட என்னம்மா இருக்கு?” என்றாள்.

இருந்தது. மேசை இழுப்பறையில் ஒரு நோட்டு. மேசைப் பக்கம் பேனாவோ தாளோ இருக்கக் கூடாது என்பது கம்பெனியின் முதல் விதி. வாடிக்கையாளர் விவரம் வெளியே போய்விடுமாம். காலண்டருக்குப் பின்னால் ஒரு எண்ணைக் கிறுக்கிவைத்த ஒருவருக்குப் போன வருஷம் சீட்டுக் கிழிந்தது.

அவள் எழுதுவது விவரம் இல்லை, திட்டு. காதில் விழுவதை அப்படியே எழுதுவாள். எழுதி முடிப்பதற்குள் அது அவளைச் சொன்னதாக இல்லாமல் வெறும் வாக்கியமாகிவிடும். பிழை இருந்தால் திருத்துவாள். பேர், எண் எதுவும் இருக்காது. அறுபத்துமூன்றாம் பக்கத்தைத் தவிர.

நோட்டை மடியில் மறைத்து எழுதிக்கொண்டே ஒரு அழைப்பை எடுத்துப் பேச, கணவர் செல்போனில் வீடியோ எடுத்தார். பார்த்தபோது குறையொன்றும் தெரியவில்லை. போட்ட ஒரு மணி நேரத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பதில் வீடியோ போட்டாள்.

“அக்கா, நடுநடுவுல சர்ரு சர்ருன்னு ஒரு சத்தம் வருதே, அது என்னக்கா?”

“அக்கா வீட்டு எலிக்கும் கம்பெனி சம்பளம்தான்” என்றார் இருமல்.

நாற்பது பேர் சிரித்தார்கள். சாயங்காலம் குழுத்தலைவியிடமிருந்து ஒரே வரி வந்தது: நாளை காலை பத்து மணிக்கு, பாதுகாப்பு அதிகாரியுடன் வீடியோவில் பேச வேண்டும்.

“அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போடு. யாருக்குத் தெரியப்போகுது?” என்றார் கணவர்.

“பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு வச்சிருக்கேங்க.”

“திட்டுற நோட்டுக்கு நம்பர் எதுக்குடி?”

“என் புத்தி.”

மறுநாள் அதிகாரி முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையாத ஆளாகத் தெரிந்தார். அது என்ன சத்தம் என்று கேட்டதும் அவள் நோட்டை ஒப்புக்கொண்டாள். அதைக் காமிராவுக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பச் சொன்னார். தானே படித்தார்.

“‘உன்னையே அந்த மெஷின்ல போட்டு அலசணும்.’ அடுத்து. ‘உன் குரலைக் கேட்டாலே என் துணி அழுக்காகுது.’ அடுத்து.”

குழுத்தலைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி சிரிக்கவில்லை. ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபத்தொன்று. விரல் இரண்டு தாள்களைச் சேர்த்துத் தள்ளியது.

“அறுபத்தொண்ணுக்கு அப்புறம் அறுபத்தஞ்சா? ரெண்டு தாள் திருப்பிட்டீங்க.”

பின்னோக்கித் திருப்பினாள். அறுபத்துமூன்று. பக்கத்தின் நடுவில் ஒரு தொலைபேசி எண் மட்டும் இருந்தது.

“இது யாரு?”

“ஒரு பெரியவர் சார். மெஷின் உடைஞ்சு வீடெல்லாம் தண்ணி. தனியா இருக்கேன், காலு வழுக்குதுன்னு சொல்லும்போதே லைன் கட்டாயிடுச்சு. ஸ்க்ரீன் மாறிட்டா நம்பர் போயிடுமேன்னு...”

“திரும்பக் கூப்பிட்டீங்களா?”

“கம்பெனி லைன்லதான் சார், உடனே.”

அவர் எதையோ தட்டித் தேடினார். அன்றைய பதிவு கிடைத்தது. கேட்டார். அவள் சொன்னபடியேதான் இருந்தது. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“விதி விதிதான். நோட்ட இன்னைக்கே கூரியர்ல அனுப்பிடுங்க. எச்சரிக்கைக் கடிதம் வரும். இன்னொரு தடவை தாள் தெரிஞ்சா, கடிதம் வராது. வேலையும் இருக்காது.”

நோட்டு போய்விட்டது. நோட்டில்லாத முதல் இரண்டு நாள் ஒவ்வொரு திட்டும் நேராக நெஞ்சில் இறங்கியது. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். இப்படியே போனால் தானாகவே எழுந்து போய்விடுவோம் என்று பயந்தாள்.

மூன்றாம் நாள் அந்தப் புதுப்பெண்ணின் வீடியோ வந்தது. காலி மேசை. ஹெட்போனில் யாரோ கத்துவது கேட்கிறது. அவள் ஆள்காட்டி விரலால் மேசைமேல் எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஐஸ் அக்கா, அது எலி இல்ல, பேனான்னு கண்டுபிடிச்சிட்டேன். திட்டு விழும்போதெல்லாம் அத எழுதிடுறீங்க. எனக்குப் பேனா வைக்கப் பயம். விரலால எழுதுறேன். நேத்து நான் அழல அக்கா.”

வீடியோ முடிவதற்குள் ஹெட்போனில் அடுத்த அழைப்பு வந்தது. எடுத்தாள். மறுமுனையில் ஒருவர் அவளுடைய ஏழு தலைமுறையையும் கூப்பிட ஆரம்பித்தார். மேசை காலியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு விரலை முழங்கால்மேல் வைத்து முதல் எழுத்தைப் போட்டாள்.