மூடிக்காரர்

காய்ந்த மரத்துண்டின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டுக் காத்திருக்கிறார். கிண்ணக் காளான்கள் வருடக்கணக்கில் சருகாகக் கிடந்தாலும் ஈரம் பட்டால் உப்பிக்கொள்ளும். பிறகு பிளேடால் ஒரு சீவல் சீவி, மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லைப் போட்டு, கட்டை விரலால் ஓர் அழுத்து. மாவு பிசைகிற அழுத்து. அப்புறம்தான் மைக்ராஸ்கோப்.

நான் எதிர் அறையில் பாசி பார்க்கிறவன். இந்த ஆய்வக மாடியில் எங்களுக்குப் பேச்சுத்துணைக்கு வேறு நாதியில்லை.

அவர் மனைவிக்கு ஒரே புகார்தான். "எழவு வீட்டுக்குப் போனாலும் இந்த மனுஷன் வாசல்ல மக்கிக் கிடக்கிற கட்டையத்தான் குனிஞ்சு பாக்குறார்."

மூடிக்காரர் என்று பெயர் வைத்தது நான். இந்த வகைப் பூஞ்சைகள் தம் வித்துகளை, பெரும்பாலும் எட்டெட்டாக, நுண்ணிய பைகளில் வைத்திருக்கும். சில குடும்பங்களில் பையின் நுனி மூடிபோலத் திறந்து வித்து தெறிக்கும். மற்றவற்றில் வெறும் துளைதான். துளைக் கூட்டத்தில் கிடந்த சில கிண்ணங்களுக்கு மூடி உண்டென்று கண்டு, அவற்றைத் தனிக் குடும்பமாகப் பிரித்தவர் இவர். அது பாடப்புத்தகம்வரை ஏறிவிட்டது. பெற்ற பிள்ளைகளைப் பற்றிக்கூட என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

போன மாதம், அவர் அறையில் புதிதாகச் சேர்ந்த பக்கத்து மேசை அம்மையார் அதே காளானைப் பார்த்தார். மூடியைக் காணோம்.

"சார், ஒரு தடவை அழுத்தாம பாருங்களேன்."

"அழுத்தாம என்னம்மா தெரியும்?"

பார்த்தார். துளை. அழுத்திப் பார்த்தார், நுனி கிழிந்து மூடிபோல நின்றது. காய்ந்த காளான் மடித்துவைத்த இன்னொரு பொட்டலம் பிரித்தார். அப்புறம் இன்னொன்று.

"கட்டை விரல் பண்ண வேலை," என்றார், மழை வரும் என்று சொல்கிற குரலில்.

அம்மையார் வெளியே போனதும் மெதுவாகச் சொன்னேன். "அவங்களும் வாயத் திறக்க மாட்டாங்க. நானும் மாட்டேன். விட்டுடுங்க."

"பாசியில அப்படித்தான் விடுறீங்களா?"

நான் என் அறைக்குப் போய்விட்டேன்.

தவறு தன்னுடையதென்று ஆய்விதழுக்கு அவரே எழுதி அனுப்பினார். பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பழைய குடும்பத்தின் அலமாரிக்கு மாற்றினார். உதவிக்கு வந்தவர்களை அண்டவிடவில்லை. கடைசியில் ஓர் இழுப்பறை காலியானது. அதன் பெயர்ச்சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

சோற்றுக்குப் பூச்சி வரும், பொட்டலங்களை அரிக்கும் என்று அந்த அறையில் யாரையும் ஒரு வாய் மெல்லவிடாதவர், மறுநாள் காலை தன் சாப்பாட்டு டப்பாவை அந்த இழுப்பறைக்குள் வைத்துச் சாத்தினார்.